நமக்கு டயகம பக்கம்

கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டக் குடியிருப்பில், சில வருடங்களுக்கு முன் ஒரு பாட்டியிடம் பேசிக்கொண்டிருந்தேன். வயது எழுபதைத் தாண்டியிருக்கும். தேயிலைக் கறை ஏறி ஏறி விரல் நுனிகள் கறுத்திருந்தன. "உங்களுக்கு எந்த ஊரு பாட்டி?" என்று சாதாரணமாகத்தான் கேட்டேன்.

"நமக்கு டயகம பக்கம், தம்பி."

டயகம இருப்பது இலங்கையில், நுவரெலியா மாவட்டத்தில். அங்கிருந்து 1970-களில் கப்பலேறி வந்தவர் அவர். வாக்காளர் அட்டை, ரேஷன் அட்டை, ஆதார் மூன்றும் இந்திய அரசு கொடுத்தவை. இந்த மலையில் வாழ்ந்த வருடங்கள் அந்த மலையில் வாழ்ந்ததைவிட அதிகம். ஆனாலும் ஊர் என்றால் டயகமதான். "அப்ப உங்க தாத்தாவுக்கு எந்த ஊரு?" என்றேன். "அவங்களுக்குத் திருச்சிப் பக்கம்னு சொல்லுவாங்க. நான் பாத்ததில்ல." கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப்பெட்டியை இழுத்து, துணியில் சுற்றிய ஒரு பழைய பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டினார். கணவர் பெயரில் இருந்தது. இவரும் பிள்ளைகளும் அதில் சேர்த்து எழுதப்பட்டிருந்தார்கள். கண்டியில் இருக்கும் இந்திய உதவித் தூதரகத்தின் முத்திரை மங்கிப்போயிருந்தது. அந்த பாஸ்போர்ட்டில் அவர்கள் பயணம் செய்தது ஒரே ஒரு முறை.

தாத்தாவின் ஊர் இந்தியா, இவருடைய ஊர் இலங்கை, குடியுரிமை மறுபடி இந்தியா. எழுதிப் பார்த்தால் குழப்பமாகத் தெரியும். பாட்டியின் பேச்சில் குழப்பமே இல்லை. பிறந்த லயம், அதாவது தோட்டத்து வரிசை வீடு, எங்கே இருந்தது, அம்மாவை எந்த மேட்டில் புதைத்தார்கள், முதன்முதலில் எந்த மலையில் கொழுந்துக் கூடையைத் தூக்கினார் என்று வரிசையாகச் சொன்னார். ஒரு மனிதர் எங்கே சேர்ந்தவர் என்பதை இப்படித்தான் சொல்ல முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது. அரசாங்கங்கள் அதை வேறு விதமாகக் கணக்குப் போட்டன. இலங்கை மலைத் தோட்டங்களில் வேலைக்குப் போன தமிழர்களின் வழிவந்த மலையகத் தமிழர்களின் இருநூறு வருடக் கதையில் பெரும்பகுதி அந்தக் கணக்கின் கதைதான்.

1820-களில் இலங்கையின் மத்திய மலைகளில் ஆங்கிலேயர் காப்பி பயிரிடத் தொடங்கினார்கள். வேலைக்கு ஆள் வேண்டும். திருச்சி, மதுரை, ராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சாவூர், சேலம் பகுதிகளிலிருந்து கங்காணிகள் ஆள் திரட்டிக் கூட்டிப்போனார்கள். பஞ்சமும் கடனும் விரட்ட, நிலமில்லாத ஒடுக்கப்பட்ட சாதி மக்களே பெரும்பாலும் கிளம்பினார்கள். ராமேஸ்வரம் பக்கம் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து காட்டு வழியே மாத்தளை வரை நடை. காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம்.

காப்பிக் காலத்தில் இவர்கள் அங்கே தங்கிவிடவில்லை. காப்பிப் பழம் பறிப்பது பருவ வேலை. பருவம் முடிந்தால் பலர் ஊர் திரும்பிவிடுவார்கள். 1869-இல் இலைநோய் வந்து காப்பித் தோட்டங்கள் அழியத் தொடங்கின. அந்த இடத்தில் தேயிலை வந்தது. தேயிலைக்கு ஓய்வே கிடையாது. வருடம் முழுக்கச் சில நாளுக்கு ஒரு முறை கொழுந்து எடுத்தாக வேண்டும், அதற்குப் பெண்களின் கைகள் வேண்டும். அதனால் குடும்பம் குடும்பமாக வந்தார்கள், வந்தவர்கள் தங்கினார்கள். அவர்களை அந்த மண்ணில் வேர்விட வைத்தது ஒரு செடியின் குணம் என்றுகூடச் சொல்லலாம்.

தங்கிய இடம் லயம். வரிசையாக ஒட்டிக் கட்டிய காம்பராக்கள், அதாவது அறைகள், ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா, முன்னால் தாழ்வாரம் மாதிரி ஒரு இஸ்தோப்பு. விடியற்காலையில் தப்புச் சத்தம் கேட்டு எழுந்து பெரட்டுக்களத்துக்குப் போக வேண்டும். அங்கே கணக்கப்பிள்ளை வேலையைப் பிரித்துக் கொடுப்பார். நிர்ணயித்த அளவு கொழுந்து எடுத்தால் ஒரு 'பேர்', குறைந்தால் 'அரைப்பேர்'. ஒரு நாள் கூலிக்குப் 'பேர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். செக்ரோல் என்கிற வருகைப் பதிவேட்டில் பெயர் விழுந்தால்தான் அன்றைக்கு அரிசி. பிள்ளைகளை விட்டுப்போகப் பிள்ளைக்காம்பரா, சாமி கும்பிட மாரியம்மன் கோயில், மாசி மாதத்தில் காமன் கூத்து. தோட்டமே ஊர், தோட்டமே உலகம். கடிதம்கூடத் தோட்ட ஆபீசுக்குத்தான் வரும். லயத்துக்குத் தெருப் பெயரும் கதவு எண்ணும் கிடையாது. இன்றைக்கும் பல தோட்டங்களில் நிலைமை இதுதான். வேலைக்கு விண்ணப்பித்த ஒரு பையனின் நேர்முகக் கடிதம் ஆபீசில் தேங்கிப்போய், தேதி கழிந்த பிறகு கைக்கு வந்த கதையை மலையகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தனக்கென்று ஒரு முகவரிகூட இல்லாமல் தலைமுறை தலைமுறையாக வாழ்வது என்றால் என்னவென்று நம்மில் பலருக்குப் புரியவே புரியாது.

1931-இல் இலங்கைக்குச் சர்வஜன வாக்குரிமை வந்தது. தோட்ட மக்களுக்குக் கட்டுப்பாடுகளோடுதான் கிடைத்தது, ஆனாலும் கிடைத்தது. அதே வருடம், தஞ்சாவூரிலிருந்து போய்ப் பத்திரிகையாளராக இருந்த கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளர்களுக்கு முதல் தொழிற்சங்கத்தைத் தொடங்கினார். தோட்டத்துக்குள் வெளியாள் நுழையத் தடை இருந்ததால் அவர் புடவை வியாபாரி வேஷத்தில் நுழைந்தார் என்று சொல்வார்கள். அவர் மனைவி மீனாட்சியம்மாள் தொழிலாளர் நடுவில் பாட்டுப் பாடிக் கூட்டம் சேர்த்தார். 1940-இல் முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்ட போராட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். 1947 பொதுத்தேர்தலில் தோட்ட மக்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. சௌமியமூர்த்தி தொண்டமானும், கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளையும் அப்படிப் பாராளுமன்றம் போனவர்கள்தான். வேறு பல தொகுதிகளில் தோட்ட மக்களின் ஓட்டு இடதுசாரிகளுக்கும் விழுந்தது. புதிதாகச் சுதந்திரம் பெற்ற நாட்டின் ஆட்சியாளர்களை இது உறுத்தியது.

1948-இன் பிரஜாவுரிமைச் சட்டம் இந்தப் பின்னணியில் வந்தது. தமிழ்நாட்டில் குடியுரிமை என்கிறோம், இலங்கைத் தமிழில் பிரஜாவுரிமை. அந்தச் சொல் மலையகத்தில் இன்றும் ஒரு காயத்தின் பெயர் மாதிரி ஒலிக்கும். சட்டம் கேட்டது இதுதான்: உன் தகப்பன் இலங்கையில் பிறந்தவன் என்று காட்டு, இல்லையென்றால் தகப்பனுக்குத் தகப்பனும் அவருக்குத் தகப்பனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்டு. லயத்தில் பிறந்த பிள்ளைக்கு அந்தக் காலத்தில் யார் பிறப்புப் பதிவு செய்தார்கள்? உண்மையில் இலங்கைக் கிராமங்களில் சிங்களவரிடமும் மற்றத் தமிழரிடமும் கூடத்தான் அந்தப் பத்திரம் இருந்திருக்காது. ஆனால் அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. எழுத்தில் எல்லோருக்கும் பொதுவாக இருந்த சட்டம், நடைமுறையில் ஒரே ஒரு மக்கள் கூட்டத்தின் கழுத்தைத்தான் பிடித்தது. சுமார் ஏழு லட்சம் பேர் ஒரே நாளில் நாடற்றவர்களானார்கள். அடுத்த வருடம் வாக்காளர் பட்டியலிலிருந்தும் பெயரை எடுத்துவிட்டார்கள். இந்தச் சட்டங்களைக் கொண்டுவந்த அரசில் சேர்ந்தார் என்ற கோபத்தில்தான் தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலத்திடமிருந்து செல்வநாயகம் பிரிந்துபோய்த் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். மலையக வாக்குகளால் வென்று ஒருவர் மறுபடி பாராளுமன்றத்துக்குள் நுழைய 1977 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போது வென்றவரும் தொண்டமான்தான்.

1949-இல் இன்னொரு சட்டம் பதிவு மூலம் பிரஜாவுரிமை கிடைக்க ஒரு சின்னக் கதவைத் திறந்துவைத்தது. மணமானவர் ஏழு வருடம், மணமாகாதவர் பத்து வருடம் தொடர்ந்து அங்கே வசித்திருக்க வேண்டும். இடையில் இந்தியா போய் நீண்ட நாள் தங்கியிருந்தால் சிக்கல். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பங்கள் போயின. கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு.

சரி, இந்தியா ஏற்றுக்கொண்டதா என்றால் அதுவும் இல்லை. தலைமுறைகளாக அங்கே வாழ்பவர்கள் இலங்கையின் பொறுப்பு என்பது நேருவின் நிலை. அது நியாயமான நிலைதான் என்பது என் எண்ணம். ஆனால் நடுவில் நின்ற மக்களுக்கு அந்த நியாயத்தால் ஒரு பயனும் வரவில்லை. நேரு போன பிறகு, 1964 அக்டோபர் 30-ஆம் தேதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுக்கும். மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பத்து வருடம் கழித்து 1974-இல் சிறிமாவோவும் இந்திரா காந்தியும் அந்த மிச்சத்தை ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கொழுந்து நிறுத்துப் பங்கு போடுகிற மாதிரி. இதில் அந்த மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்களின் பிரதிநிதி ஒருவர்கூட ஒப்பந்த மேசையில் இல்லை. அந்த எண்களை எப்போது படித்தாலும் எனக்கு வயிறு கலங்கும். அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை என்று குடும்பங்கள் பிரிந்தது இந்த ஒப்பந்தத்தில்தான்.

ரயிலுக்கு மலையகத்தில் கோச்சி என்பார்கள். மலையிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் பிடிக்கப் போனவர்களின் ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்று ஒரு பெயர் விழுந்தது. ஸ்டேஷனுக்கு வழியனுப்ப வந்த பெண்கள் சாவு வீட்டில் அழுவது போலக் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்ததால் வந்த பெயர். அப்படி அழுததில் தப்பே இல்லை. பாதிப் பேர் அதற்குப் பிறகு ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. ஒப்பந்தம் கையெழுத்தான இரண்டாவது மாதத்திலேயே புயலில் தனுஷ்கோடி அழிந்துபோனதால் கப்பல் ராமேஸ்வரத்தில் வந்து நின்றது. இறங்கியவர்கள் மண்டபம் முகாமுக்குப் போனார்கள்.

அந்த மண்டபம் முகாமைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போகிறவர்களைத் தடுத்துவைத்து நோய் பார்க்க, இலங்கை அரசே நடத்திய இடம் அது. அப்புறம் ஒப்பந்தத்தில் திரும்பி வந்தவர்களுக்குத் தங்குமிடம். 1983-க்குப் பிறகு போருக்குத் தப்பி வந்தவர்களுக்கு அகதி முகாம். 2022-இல் பொருளாதாரம் சரிந்து பட்டினிக்குப் பயந்து படகேறி வந்தவர்களும் அங்கேதான் வைக்கப்பட்டார்கள். பூட்டனைச் சோதித்து அந்தப் பக்கம் அனுப்பிய அதே இடத்தில், பேரனின் பேரனை இந்தப் பக்கம் நிறுத்திப் பதிவு செய்திருக்கிறார்கள்.

1984-இல் போரினால் கப்பல் நின்றது. அதற்குள், ஒப்பந்தத்துக்குப் பின் பிறந்த பிள்ளைகளையும் சேர்த்து ஏறக்குறைய நாலரை லட்சம் பேர் வந்துவிட்டார்கள். அரசுத் தாள்களில் இவர்களுக்குத் 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர். திரும்பியோர் என்றால் ஏற்கெனவே ஒரு முறை இங்கிருந்து போயிருக்க வேண்டும். இவர்களில் பெரும்பாலோர் கப்பலிலிருந்து கால் வைத்தபோதுதான் இந்தியாவை முதன்முதலாகப் பார்த்தார்கள். சிலர் அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீக்கு அனுப்பப்பட்டார்கள். கேரளத்தில் புனலூரிலும் கர்நாடகத்தில் சுள்ளியா, புத்தூர் பக்கமும் ரப்பர் தோட்டங்கள். நிறையப் பேருக்குக் கையில் வியாபாரக் கடன் கொடுத்துச் சமவெளியில் எங்காவது இறக்கிவிட்டார்கள். பிறந்ததிலிருந்து மலையைத் தவிர எதையும் பார்க்காதவர்கள், வெயிலும் வியாபாரமும் பிடிபடாமல் கடனை இழந்து, மூட்டையைத் தூக்கிக்கொண்டு நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் தாமாகவே ஏறினார்கள். கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர் பகுதிகளில் இன்று இருக்கும் பல குடியிருப்புகள் அப்படி வந்தவை. குளிரும் பனியும் தேயிலையும் இருக்கிற இடம்தான் அவர்களுக்கு வீடு மாதிரி இருந்திருக்கிறது. தாயகம் என்று அரசு காட்டிய இடத்தை விட்டு, தாயகம் என்று தங்கள் உடம்புக்குப் பட்ட இடத்தைத் தேடிப் போனார்கள்.

மற்றவர்கள் இவர்களை எப்படிப் பார்த்தார்கள் என்று தெரிய, வைத்த பெயர்களைப் பார்த்தாலே போதும். சிங்கள அரசியலில் இவர்கள் 'இந்தியர்', வந்தேறிகள். கொழும்புப் பேச்சில் 'கள்ளத்தோணி'. யாழ்ப்பாணத்தில் 'வடக்கத்தியான்', 'தோட்டக்காட்டான்'. இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் நம் மொழிக்காரர்களே வைத்த பெயர்கள் என்பதால் மறைக்கக் கூடாது. நீலகிரிக்கு வந்தால் 'சிலோன்காரன்'. ஒரே மொழி, ஒரே சாமி, ஒரே சோறு இருந்தும் தமிழர்களே இவர்களைத் தம்மில் ஒருவராக எண்ணத் தயங்கினார்கள். நாடு என்கிற எல்லையைத் தாண்டினால் மொழி எல்லோரையும் அணைத்துக்கொள்ளும் என்று மேடையில் பேசுவது சுலபம். சாதியும் தொழிலும் அந்த அணைப்புக்குள் ஒரு வேலி போட்டிருந்தன.

இத்தனை பெயர்களுக்கு நடுவில் அவர்களே தங்களுக்கு வைத்துக்கொண்ட ஒரு பெயர்தான் 'மலையகம்'. அறுபதுகளில் படித்து வந்த இளைஞர்களிடையே அது பரவியது. ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரியில் ஆசிரியராக இருந்த இர. சிவலிங்கம் அதைப் பரப்பியவர்களில் முக்கியமானவர். பிற்பாடு அவரும் நீலகிரிக்கு வந்து, திரும்பி வந்தவர்கள் நடுவில் வேலை செய்தார். அந்தச் சொல்லில் இந்தியாவும் இல்லை, இலங்கையும் இல்லை. மலை, அகம், அவ்வளவுதான். இந்தியத் தமிழர் என்று சொல்லும்போது எங்கிருந்து வந்தாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்கிறோம். மலையகத் தமிழர் என்று சொல்லும்போது எங்கே இருக்கிறாய், எதை உருவாக்கினாய் என்பதற்குப் பதில் சொல்கிறோம். காட்டை அழித்துத் தோட்டம் போட்டது, ரோடு வெட்டியது, ரயில் பாதை போட்டது எல்லாம் அவர்கள் கைகள். அந்தக் காலத்து நாட்டுப்பாடல் ஒன்றில் ஒருத்தி தூரத்து மலையைக் காட்டி, என் அண்ணனைப் பறிகொடுத்த மலை அதோ தெரிகிறது என்கிறாள். மலைக்கு அவள் சொல்லும் அடையாளமே அதுதான்.

இந்தப் பெயரில் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள் என்று சொல்ல மாட்டேன். 1911 முதல் இலங்கைக் கணக்கெடுப்பில் 'இந்தியத் தமிழர்' என்ற தனிப் பிரிவு இருந்துவருகிறது. 1953-இல் அவர்கள் நாட்டின் மக்கள்தொகையில் சுமார் 12 சதவீதம், 2012-இல் சுமார் 4 சதவீதம். கப்பலேறிப் போனவர்கள் ஒரு காரணம் என்றால், படிவத்தில் 'இலங்கைத் தமிழர்' என்று குறித்தவர்கள் இன்னொரு காரணம். வேலைக்கோ கல்யாணத்துக்கோ தோட்டத்து முகவரி தடையாகிவிடும் என்று பயந்து அப்படிக் குறித்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நாமும் இந்த நாட்டுக்காரர்தானே என்ற உரிமையோடு குறித்தவர்களும் உண்டு. அதே சமயம், எண்ணிக்கை கரைந்தால் வீட்டுக்கும் நிலத்துக்கும் பள்ளிக்கும் குரல் எழுப்ப ஆளிருக்காது என்ற கவலையும் நியாயமானது. நெடுநாள் கோரிக்கைக்குப் பிறகு, 2024 கணக்கெடுப்பில் 'மலையகத் தமிழர்' என்ற பெயரும் சேர்ந்தது.

சட்டப் பிரச்சினை இலங்கையில் 2003-இல் ஒருவாறு முடிந்தது. 1964 அக்டோபர் 30 முதல் அங்கே வசிக்கும் இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் சந்ததிக்கும் ஒரு விண்ணப்ப அறிவிப்போடு பிரஜாவுரிமை என்று சட்டம் வந்தது. ஐம்பத்தைந்து வருடம் இழுத்த காரியத்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்களை, நடமாடும் முகாம்கள் போட்டுச் சில நாட்களிலேயே முடித்தார்கள். இத்தனை சுலபமாக இருந்தால் இத்தனை காலம் எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது.

இந்தியாவில் முடியவில்லை. கலவரத்துக்கும் போருக்கும் பயந்து 1983-க்குப் பிறகு படகில் வந்தவர்களில் மலையக வம்சாவளியினர் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். கப்பலில் வந்திருந்தால் இந்தியக் குடிமகன், படகில் வந்ததால் சட்டவிரோதக் குடியேறி. 2019-இல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை, இப்படிப்பட்ட சிலரின் மனுவில், இந்திய வம்சாவளியினரான இவர்களின் குடியுரிமைக் கோரிக்கையைப் பரிசீலிக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. அதே வருடக் கடைசியில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை சேர்க்கப்படவில்லை. இந்தியச் சட்டத்தில் 1987 ஜூலை 1-ஆம் தேதிக்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன், பெற்றோர் யாராக இருந்தாலும். அதற்குப் பிறகு பிறந்தவருக்குத் தாய் தகப்பனில் ஒருவர் இந்தியராக இருந்தாக வேண்டும். முகாமில் ஒரே கூரையின் கீழ் அக்கா 1986-இல் பிறந்தாள், தம்பி 1988-இல் பிறந்தான் என்று வையுங்கள். அக்கா இந்தியர், தம்பி யாருமில்லை. ஒரே பள்ளி, ஒரே ரேஷன் அரிசி, ஒரே பேச்சு. 2021-இல் தமிழ்நாடு அரசு அகதி முகாம் என்ற பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. நல்ல காரியம். ஆனால் தம்பியின் நிலை பெயர்ப்பலகையில் இல்லை, அந்தத் தேதியில் இருக்கிறது.

நீலகிரியில் இருப்பவர்களுக்கு வேறு கவலை. டான்டீ நஷ்டத்தில் ஓட, 2022-இல் 2,152 ஹெக்டேரை வனத்துறைக்குத் திருப்பித் தர உத்தரவானது. ஓய்வு பெற்றவர்கள் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும் என்ற பேச்சு வந்தபோது, அங்கே பலர் வாயில் வந்த முதல் கேள்வி, மறுபடியுமா என்பதுதான்.

2023-இல் மலையக மக்கள் வருகையின் இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்தார்கள். ஜூலை 28-ஆம் தேதி ஒரு நடைபயணம் கிளம்பியது. கிளம்பிய இடம் தலைமன்னார். ஒப்பாரிக் கோச்சி போய் நின்ற அதே தலைமன்னார். இந்தத் தடவை கடலுக்கு முதுகைக் காட்டி, பூட்டனும் பூட்டியும் நடந்த பழைய வழியில், மன்னார், மதவாச்சி, அநுராதபுரம், தம்புள்ளை என்று உள்நாட்டை நோக்கி நடந்தார்கள். வழியில் கோயிலிலும் தேவாலயத்திலும் விகாரையிலும் பள்ளிவாசலிலும் தண்ணீர் கொடுத்துத் தங்க இடம் கொடுத்தார்கள். பதினாறாம் நாள், ஆகஸ்ட் 12-இல், மாத்தளைக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.